நான்காம் தாளில் ஏறிய கோடு

அலமாரியைத் துடைக்கும்போது உன் கோப்பு கையில் வந்தது. முதல் ஆண்டின் ஏழு செவிச் சோதனைத் தாள்கள், தேதி வரிசையில். வலக்காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். அந்நாளில் உன்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவன் நான். ஆகவே அவை என்னிடமே தங்கிவிட்டன.

உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உன் உட்செவியைத் தாக்குகிறது என்று ஜூன் 14 அன்று டாக்டர் சொன்னார். “உள்ளே நோய் அடங்கியிருக்கா, கிளம்பியிருக்கான்னு கண்ணால பார்க்க முடியாது. இந்தக் கோடுதான் சொல்லும். இறங்கினா மாத்திரையைக் கூட்டணும். நல்லா நின்னா குறைக்கலாம்.” எனக்கு உடனே விளங்கியது. ஆவடித் தொழிற்சாலையில் நீ லேத்தில் கடைந்து அனுப்பியதை முப்பத்தோராண்டு அளந்து பார்த்தவன் நான். சோதனை என்பது எனக்கு உள்ளதை அறிவது. உனக்கோ, எப்படியாவது தேறுவது.

மாத்திரையால் உன் முகம் உப்பியது. செப்டம்பர் 8, ஞாயிறு, உன் மகள் கல்யாணம். “இந்த மூஞ்சியோட மேடையில நின்னா, மாப்ள ஊட்டுக்காரங்க திஷ்டி பூசணிக்கான்னு நெனச்சிக்குவாங்கபா” என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாய்.

ஆகஸ்ட் 9, வெள்ளி, நான்காவது சோதனை. காலை 10.20. நீ எப்போதும் ‘பத்து மணி வாக்குல’ என்பாய், அது சரியல்ல. கண்ணாடிச் சன்னல் வைத்த சிற்றறைக்குள் ஹெட்போன் மாட்டி, கையில் பொத்தானோடு அமர்ந்தாய். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே இருந்த எனக்கு உன் கண்கள் தெரிந்தன. அவை சோதிக்கும் பெண்ணின் தோளிலேயே இருந்தன. அவள் ஒலியை அனுப்பும்போதெல்லாம் தோள் இம்மியளவு அசையும், நீ அழுத்துவாய். கோடு ஏறியது. டாக்டர் மகிழ்ந்து மாத்திரையைப் பாதியாக்கினார்.

குமணன்சாவடி டீக்கடையில் உனக்குக் கால் தரையில் இல்லை. “பாத்தியா? முப்பது வருசமா ரிஜெக்ட்டு ரிஜெக்ட்டுன்னு எயுதின. அந்தப் பொண்ணு ஒரே தபா பாஸ் போட்டுச்சு!”

“முப்பத்தொன்று” என்று திருத்தினேன். அதை மட்டுமே திருத்தினேன்.

கல்யாணத்தன்று முகம் ஓரளவு வடிந்திருந்தது. தாலி கட்டும் நேரத்தில் இடக்காதைத் தொட்டபடி, “மேளக்காரரு இந்தப் பக்கம் வாசிக்கலியா?” என்று கேட்டாய். செப்டம்பர் 10 தாளில் நீலக் கோடு அடிமட்டத்தில் கிடந்தது. மாத்திரையைக் கூட்டியும் அது மீளவில்லை.

அன்று மருத்துவமனையிலிருந்து திரும்புகையில், ஆட்டோவில், மெதுவாகக் கேட்டாய். “நான் அந்தப் பொண்ண பாத்து பாத்து அமுக்கினத நீ பாத்துக்கினுதான இருந்த?”

“ஆமாம்.”

“ரிஜெக்ட் பண்றதுதானபா உன் வேல? அன்னிக்கு மட்டும் ஏன் கம்முனு இருந்த?”

நான் ஆட்டோக்காரருக்கு உன் தெருவுக்கு வழி சொன்னேன்.

அக்டோபர் 4 அன்று, சோதனைக்கு முன்பே, உன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். “கைதி மாரி குந்த வெக்கிறியே நைனா” என்று முறைத்தாய். இம்முறை வலக்காதின் சிவப்புக் கோடு ஓரிடத்தில் சரிந்திருந்தது; நீயே உணராத சரிவு. மாத்திரை அன்றே கூடியது. ஏழாம் தாளில் அந்தக் கோடு பழைய இடத்துக்கு வந்து நின்றது. அந்த ஒரு காதால்தான் அடுத்த ஆகஸ்டில் பேத்தியின் அழுகையைக் கேட்டாய். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது.

உன் கேள்விக்கான பதில் இன்னும் என்னிடமே இருக்கிறது. முப்பத்தோராண்டில் நான் பார்க்க நீ ஒரு சோதனையில் அப்படி மகிழ்ந்ததில்லை. அதைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வேறு காரணம் ஏதுமில்லை. அதற்காகப் போனது உன் காது, என்னுடையதல்ல. இதைச் சொல்லிவிடத்தான் பதினான்கு மாதம் உன் வலப்பக்கமாகவே நடந்தேன், உனக்குக் கேட்கும் பக்கமாக. சொல்லவில்லை.