இருபது சீட்டுக் குறைகிறது

9 மார்ச் 2025, ஞாயிறு

இன்றும் பண்டாரவளைக்குப் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு. மொஹிதீனின் தையல் கடையில் நாலு பேராக முந்நூற்றி நாலு சீட்டு ஆடுவது முப்பது வருட வழக்கம். அவனும் நானும் ஒரு பக்கம். கடைசியாகப் போன அன்று துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்தவன் நான்தான். பாதி ஆட்டத்தில் அது என்னவென்று தடுமாறிவிட்டது, ஒரே ஒரு நிமிடம். மற்ற இருவருக்கும் முன்னால் சொன்னான்: "நீ வச்ச துரும்பு ஒனக்கே ஞாபகம் இல்ல. டொக்டர்ட்ட காட்டு, மாரிசாமி."

சிரித்தார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

12 மார்ச்

மருமகள் துஷாந்தினி எல்லவில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறாள். வெள்ளைக்காரி ஒருத்தி விட்டுப்போன சீட்டுக்கட்டை முதலாளி இவளுக்குக் கொடுத்துவிட்டாராம். டாரோட். குறி பார்க்கிற சீட்டு. எழுபத்தெட்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அர்த்தம், அதற்கொரு சின்ன இங்கிலீஷ் புத்தகம். நான் ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் தேயிலைப் பெட்டிகளைப் பார்த்துப் படித்தது.

குறியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் எழுபத்தெட்டையும் மனப்பாடம் செய்து மொஹிதீன் முன்னால் ஒப்பிப்பேன். அப்புறம் சொல்லட்டும், யாருக்கு மறதி என்று.

13 மார்ச்

முந்நூற்றி நாலில் நாலு இனத்திலும் இரண்டு முதல் ஆறு வரை கழித்துவிடுவோம். இந்தக் கட்டிலும் கை தானாகவே அப்படிச் செய்தது. அதுவும் சரிதான், முதலில் பெரியவை. கழித்த இருபதையும் பால்மா டின்னில் போட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். இவை முடிந்ததும் எடுக்கலாம்.

20 மார்ச்

கோபுரம் – இடிந்து விழுதல். தலைகீழாகத் தொங்குபவன் – காத்திருத்தல். வாள் ஒன்பது – தூக்கமில்லாமை. இதற்கு ஒரு சீட்டு வேண்டுமா?

பக்கத்து லயத்து வீட்டு மாரியாயி எட்டிப் பார்த்து, "எலும்புக்கூடு படமெல்லாம் வீட்டுல வைக்காதீங்கண்ணே" என்றாள். "நீ பாக்காத, அது ஒன்னப் பாக்காது" என்றேன். மறுபடி வந்து, மகனுக்கு வேலை கிடைக்குமா பாருங்க என்கிறாள்.

2 ஏப்ரல்

முப்பத்தொன்று மனப்பாடம். முதுகு வலி. மழை.

17 ஏப்ரல்

எல்லாம் ஒப்பித்தேன், ஒரு பிழை இல்லை. எண்ணினால் ஐம்பத்தெட்டு. புத்தகத்தில் இருக்கிற கோப்பை இரண்டு கட்டில் இல்லை. வாள் ஆறு இல்லை. இருபது சீட்டுக் குறைகிறது.

துஷாந்தினி வந்ததும் கேட்டேன். "நா எதுக்கு மாமா எடுக்கப் போறேன்?" பின்னே யார் எடுத்தது? வீட்டில் பகலில் நான், மற்ற நேரம் இவளும். சத்தம் போட்டேன். சாப்பிடவில்லை.

18 ஏப்ரல்

அவள் கெஸ்ட் ஹவுஸிலும் கேட்டுவிட்டாள். "சும்மா குடுத்ததுக்குக் கணக்குக் கேக்குறியான்னு முதலாளி ஏசுறாரு மாமா." கண் சிவந்திருந்தது. நடிப்பு என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லியும்விட்டேன்.

21 ஏப்ரல்

கட்டு வந்த அன்று எத்தனை இருந்தது என்று பார்த்து அவளிடம் நிரூபிக்க இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். நான் பழைய பக்கம் படிக்கிறவன் இல்லை.

மார்ச் பதின்மூன்று. என் கையெழுத்து.

போய்ப் பார்த்தேன். டின் அங்கேதான் இருந்தது. இருபதும் இருந்தது. வைத்தது மட்டும் – எவ்வளவு யோசித்தும் வரவில்லை. யாரோ எழுதிய மாதிரி இருக்கு. நாந்தானா இது?

அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கை போனது. கிழிக்கவில்லை. துஷாந்தினி வந்ததும் நோட்டை விரித்து அவள் முன்னால் வைத்தேன். நின்றபடியே படித்தாள். "சோறு போடவா மாமா?" என்றாள்.

சாப்பிட்டேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

தெமோதரையில் ரயில் ஏறினேன். டாரோட் கட்டை எடுத்துப் போகவில்லை.

மொஹிதீன் மெஷினிலிருந்து தலை தூக்காமலே, "தேத்தண்ணி ஈக்கி, குடி" என்றான். என் ஸ்டூலில் துணி மூட்டை. அதை இறக்கி வைத்தான்.

"நீ சொன்னது சரி" என்றேன். அவன் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தான்.

இரண்டாவது ஆட்டத்தில் துரும்பு திறந்த பிறகு மொஹிதீனிடம் கேட்டேன், என்ன துரும்பு என்று. "இஸ்பேட்." கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் சிரிக்கப் பார்த்தார். "ஆட்டத்தப் பாருங்க" என்றான் மொஹிதீன், பிறகு என்னிடம் அதே குரலில், "இஸ்பேட், மச்சான்."

ஆறு ஆட்டம் ஆடினோம். யார் வென்றது என்று அடுத்த ஞாயிறு அவனைக் கேட்டு இங்கே எழுத வேண்டும்.