ஆமென் சொன்னால் வண்டி கிளம்பும்

மே 14, புதன்

காலையிலேயே வெயில். மாலை சபைக் கமிட்டி. சனிக்கிழமை சிதம்பரம் பக்கம் கிள்ளைக்குப் பயணம், முடிவானது. மீனவக் குப்பத்துப் பால்வாடிக்குப் பெயின்ட் அடிக்க வாலிபர் சங்கம் பதினாலு பேர், பாஸ்டர், எட்வின் மாமா. ஆக 16.

எட்வின் மாமா கமிட்டியில் மூத்தவர் (இனி எ.மா., முழுப்பெயர் எழுதக் கை வலிக்கிறது). நான் செக்ரட்டரி ஆகி இரண்டு மாதம்தான். எல்லா வேலையும் செய்துவிடுவேன், ஒன்றைத் தவிர. பத்துப் பேர் கண்ணை மூடினால் என் தொண்டையும் மூடிக்கொள்ளும், வாய்விட்டு ஜெபிக்க வராது. அதை எ.மா. கண்டுபிடித்துவிட்டார்.

"ஜெபிக்கத் தெரியாத புள்ள செக்ரட்டரியா? நீந்தத் தெரியாதவன போட் ஓட்டச் சொல்லுவீங்களா?"

பாஸ்டர் தீர்ப்பு: சனிக்கிழமைப் பயணத்தில் ஒரு ஜெபம் நான் செய்ய வேண்டும். செய்தால் பதவி எனக்கே. இல்லாவிட்டால் எ.மா.வின் அண்ணன் மகனுக்கு. அவனுக்கு ஜெபம் வரும், வேலை வராது.

பதவியை விட மனசில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், ரொம்பப் பிடித்திருக்கிறது.

மே 16, வெள்ளி

புழுக்கம். வாங்க வேண்டியவை: பிரஷ் 8, உப்புத்தாள், எலுமிச்சம்பழம் (பிரின்சிக்கு, வேன் ஏறினால் வாந்தி), பிளாஸ்டிக் பை (அதே பிரின்சிக்கு). பெயின்ட் சிதம்பரத்தில், தெரிந்த கடை.

ஜெபத்தை எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். குளியலறையில் மனப்பாடம். யாரோடு பேசுகிறாய் என்று அம்மா கதவைத் தட்டினாள். கர்த்தரோடு என்றேன். குழாயை மூடிவிட்டுப் பேசு என்றாள்.

மே 17, சனி. வேனில்

ஆறு மணி வேன் 6.50க்கு. திருப்பாதிரிப்புலியூர் சர்ச் வாசலில் எ.மா. ஜெபம், 14 நிமிடம் (வாட்ச் பார்த்தேன், மன்னியும் ஆண்டவரே). டயர், பிரேக், எதிரே வரப்போகும் லாரி, அந்த லாரி டிரைவரின் குடும்பம். அதற்குள் பிரின்சி வீட்டுக்கு ஓடி மறந்த துண்டை எடுத்து வந்தாள். பாஸ்டர் வேன் கூரையில் ஏணியைக் கட்டி முடித்தார். எங்கள் சபை வழக்கம் இது. பாதிப் பேர் ஜெபிப்பார்கள், மீதிப் பேர் விட்டுப்போன வேலையை முடிப்பார்கள்.

டிரைவர் முருகண்ணன் கோயிலுக்குப் போகிறவர். பன்னிரண்டு வருடமாக எங்களுக்கு அவர்தான் ஓட்டுகிறார். அவருக்கு ஒரே கணக்கு, ஆமென் காதில் விழுந்தால் சாவியைத் திருப்புவார். திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லை.

ஆலப்பாக்கத்தில் பிரின்சி. புதுச்சத்திரத்தில் மறுபடியும் பிரின்சி. எலுமிச்சம்பழம் தண்டம்.

மதியம், பால்வாடி வாசல்

நடந்த கூத்தை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சிதம்பரத்தில் பெயின்ட் ஏற்றி, டீ குடித்து, எல்லோரும் ஏறியாயிற்று என்று நினைத்தோம். எ.மா. முன்சீட்டிலிருந்து, இனி செக்ரட்டரி ஜெபிக்கட்டும் என்றார். காகிதத்தைத் தேடினேன். புதுச்சத்திரத்தில் பிரின்சிக்கு அவசரமாக நீட்டிய பைக்குள் அது இருந்தது. இப்போது புதுச்சத்திரத்துக் குப்பைத்தொட்டியில். மனப்பாடம் செய்தது குளியலறையோடு சரி. எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. நானும் மூடிக்கொண்டேன். வந்தது இவ்வளவுதான்:

"ஆண்டவரே, எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேரும். ஒருவரையும் விட்டுவிடாதேயும். ஆமென்."

சாவி. வேன் கிளம்பிவிட்டது. எ.மா. அப்போதுதான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பாவம், திடுக்கிட்டு விழித்தார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வாயைத் திறந்துவிட்டேன், குரல் வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷம் ஐந்து கிலோமீட்டர். கடைசி சீட்டில் போன் அடித்தது. பாஸ்டரின் கறுப்புப் பை. பை இருந்தது, பாஸ்டர் இல்லை. எடுத்தால் கடலூரிலிருந்து பாஸ்டரம்மா, அவர் மனைவி.

"எங்க வூட்டுக்காரர எங்க வுட்டீங்க?"

பாஸ்டர் டீக்கடைக்காரரின் போனை வாங்கி, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பருக்கு அடித்திருக்கிறார். வேனைத் திருப்பினோம். எ.மா. திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். அது போதும். பாதி வழியில் எதிரே கிள்ளை டவுன் பஸ். ஜன்னலில் ஒரு கை எங்களைப் பார்த்து ஆடியது. பாஸ்டரின் கை. மறுபடி திருப்பினோம். பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை.

வந்து பார்த்தால், பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் பாஸ்டர். பால்வாடி டீச்சர் கொடுத்த நுங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எ.மா. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். ரெண்டு வரியில் ஜெபத்தை முடித்து பாஸ்டரையே நடுத்தெருவில் விட்டுவிட்டேனாம். பாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கப் போய் அழுதுவிட்டேன். என்ன ஜெபித்தாய் என்று பாஸ்டர் கேட்டார். சொன்னேன். ரெண்டே வரி, மறக்கவா போகிறது?

"நீ கேட்டது நடந்துதானம்மா இருக்கு. உங்களுக்கு முன்னாடி நான் வந்து சேந்துட்டேனே." அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி: "தப்பு என்னுதுதான். எட்வின் ஜெபம் பண்றாருன்னு நெனச்சி ரெண்டாவது டீ சொல்லிட்டேன். ரொம்ப வருசமா அப்படித்தான்."

தாழ்த்திய குரல் எ.மா. காதில் விழுந்துவிட்டது. பெயின்ட் வாளியில் குச்சியை விட்டுக் கலக்க ஆரம்பித்தார். கலந்த பிறகும் கலக்கிக்கொண்டே இருந்தார். நான் ஜெயித்ததாகச் சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மாலை 5.40, வேனில்

சுவர் நாலும் மஞ்சள். பிரின்சியும் பாதி மஞ்சள். திரும்பும் ஜெபத்துக்கு எ.மா. எழுந்தார். பாஸ்டர் முதல் ஆளாக ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக முருகண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அந்தப் பாப்பாவே சொல்லட்டும். எனக்கு ராத்திரி வேற சவாரி இருக்கு."

எ.மா. உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே ஜெபித்தேன். ஒவ்வொரு தலையாகப் பார்த்து ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். என்னையும் சேர்த்துப் பதினாறாவது பெயர் எட்வின் மாமா. பெயரைக் கேட்டதும் அவர் தோள் கொஞ்சம் அசைந்தது. ஆமென் என்றேன். எ.மா.வைத் தவிர எல்லோரும் ஆமென் என்றார்கள்.

சாவி திரும்பவில்லை. முருகண்ணன் சாவியில் கையை வைத்தபடி எ.மா.வையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எ.மா. தொண்டையைச் செருமினார். "ஆமென்" என்றார்.

வண்டி கிளம்பியது.