அகத்தி நிழல்

சித்திரை 9, செவ்வாய்.

தங்கையின் வீட்டுக்காரர் வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி மரங்களை மொட்டையடித்துவிட்டார், அதுவும் இந்த வெயிலில். கொடிக்காலுக்குள் செருப்போடு நுழைகிற ஆளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? "வெயில் பட்டாத்தான் மச்சான் இலை பெருக்கும், போன்ல ஒருத்தர் சொன்னாக" என்றார். அகத்தி கொடி ஏறுவதற்கு மட்டும் என்று நினைப்பு. அதன் நிழலில்தான் வெற்றிலை உயிர் வாழ்கிறது என்பது அந்த மண்டையில் ஏறவில்லை. நான்கே நாளில் இலையெல்லாம் அப்பளமாகிவிட்டது.

இன்று சாயங்காலம் தங்கை கருகிய கொடியோடு வந்து கேட்டாள். "அவுக வெட்டயில நீங்க வரப்புல தான நின்னீக, அண்ணே?"

கொடியை வாங்கிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். நின்றேன். கருகட்டும் என்றுதான் நின்றேன். அவர் அரிவாள் மொண்ணையாக இருக்கிறதென்று என்னுடையதை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.