பீச்சுக்கு வரச் சொன்னவளுக்கு

பழவேற்காட்டிலிருந்து நீ எனக்கு வாங்கி வந்த ஓலைப்பெட்டியை இன்று பரணிலிருந்து இறக்கினேன். மூடியைத் திறந்ததும் பனையோலை வாசனை அப்படியே இருந்தது. என் கோபமும்தான். செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். உன் காரியம் முடியும் வரைக்கும் நல்லதாகவே பேசினேன். அது போதும்.

அந்தப் பழவேற்காட்டுப் பயணத்துக்குத் திட்டம் போட்டவள் நான். தாம்பரம் சானடோரியத்தில் நாம் வேலை பார்த்த ஏற்றுமதி கம்பெனியில், சாப்பாட்டு நேரத்தில், ஏரிக்கு நடுவே ஒரு தீவு, டச்சுக்காரர்களின் பழைய கல்லறை, சந்தடியே இல்லாத இடம் என்று எல்லாருக்கும் ஆசை காட்டியவள் நான். சென்ட்ரலில் கூடுவது, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடிப்பது, படகுக்குச் சொல்லி வைப்பது, யார் புளிசாதம், யார் ஊறுகாய் என்பது வரை என் ஏற்பாடு. நீ தலையாட்டிக்கொண்டே என் டிபன் டப்பாவிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றாய்.

நம் பிரிவிலிருந்த சேகர், "படகுல போறப்ப உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்று சொன்னதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அவர் என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன பதில் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

அப்போது செல்போன் எல்லாம் மேனேஜர்களிடம்தான். கேளம்பாக்கத்தில் எனக்குப் போன் என்றால் தெருமுனை பாய் கடைக்குத்தான் வரும். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பாய் வாசலில் வந்து நின்றார். "உன் ஃப்ரெண்டு போன் பண்ணுச்சும்மா. சென்ட்ரல் வோணாமாம். காலைல பீச்சாண்ட வந்துட சொல்ச்சு. அங்கேந்து வண்டி கீதாம்" என்றார்.

தாம்பரத்துக்காரியான உனக்கு பீச் என்றால் சென்னை பீச் ரயில்வே ஸ்டேஷன், வண்டி என்றால் மின்சார ரயில். கேளம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு பீச் என்றால் பக்கத்துக் கோவளம் கடற்கரை. வேன் பிடித்திருக்கிறார்கள், கடற்கரைச் சாலை வழியாக வந்து என்னையும் ஏற்றிக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் நம்பிவிட்டேன். இந்த வித்தியாசம் உனக்குத் தெரியாதா? ஒருமுறை நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பீச்சுக்குப் போகலாமா என்று அம்மா கேட்க, இங்கேயிருந்து எதற்கு ஸ்டேஷனுக்கு என்று விழித்தவள் நீ. கோவளத்து மணலில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். பிற்பாடு, தெரியாமல் நடந்துபோச்சு என்று நீ கண்ணைக் கசக்கியபோது எனக்கு அந்தச் சிரிப்புதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை கோவளத்தில், புளிசாதத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன். மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி, "யாருக்கோசரம்மா குந்திகினு கீற?" என்று கேட்டாள். தூக்கைத் திறந்து அவளையும் உட்காரச் சொன்னேன். இருவரும் புளிசாதத்தைத் தின்றோம். அந்நேரம் நீ பீச் ஸ்டேஷனில் எல்லாரோடும் ஏறி, ரயிலில் சேகருக்குப் பக்கத்தில் இருந்தாய். எனக்கு வர இஷ்டமில்லையாம், உன்னிடம் சொல்லியனுப்பினேனாம். கம்பெனி முழுக்க அப்படித்தான் பேச்சு.

உனக்கும் சேகருக்கும் நடந்த கல்யாணத்துக்கு வந்தேன். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தேன். உனக்குக் கெடுதல் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. உன் மாமியார் தீர்க்காயுசாக இருக்கட்டும் என்று மட்டும் வேண்டினேன். பலித்தது. என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர். அதற்காக உன்மேல் கோபம் தணிய வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

மஞ்சள் காமாலையில் நீ போனபிறகு, போன ஞாயிற்றுக்கிழமை சேகர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உன் ஞாபகமாக அந்தத் தீவுக்கு ஒருமுறை போய்வர வேண்டுமாம். அன்றைக்கும் நான்தானே எல்லாம் ஏற்பாடு செய்தேன், இப்போதும் வழி சொல்ல வேண்டுமாம். இந்த நாளுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாய் கடைப் போன், கோவளம், புளிசாதம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உன் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் அவருக்கு இது உறுத்த வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"தெரியுங்க. ட்ரெயின்லயே சொல்லிட்டா. பொன்னேரில எறங்கி அந்தக் கடைக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். அவ பக்கத்துல சீட்டு புடிச்சு வெச்சு, நல்லா பேசிட்டு வந்தா. அப்படியே இருந்துட்டேன்."

அப்படியே இருந்துவிட்டாராம். நீயாவது ஆசைப்பட்டுத் திருடினாய். இவர் யார் பக்கத்தில் இடம் இருந்ததோ அங்கே உட்கார்ந்துகொண்டார். நான் வரவில்லை என்றால் நீ, நீ வரவில்லை என்றால் வேறு யாரோ. பழவேற்காட்டுக்கு வழியைச் சொல்லி, காப்பித் தம்ளரை வாங்கி வைத்துவிட்டு அனுப்பிவிட்டேன்.

உன்மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை இப்போது அவர்மேல் வைத்திருக்கிறேன். மீதி என்னிடமே இருக்கிறது, குறைப்பதாக இல்லை. ஆனால் அவர் தெருமுனை திரும்பியதும் எனக்கு யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. இந்த ஆள் நம் இரண்டு பேருக்குமே லாயக்கில்லைடி என்று. அது உனக்கு மட்டும்தான் புரியும். அதைக் கேட்க இல்லாமல் போய்விட்டாய். அதற்கும் சேர்த்து உன்னை மன்னிக்க மாட்டேன்.