போன வருஷத்துப் பாடத்திட்டம்

பீர்க்கன்கரணை
11.8.2024, ஞாயிறு

அன்பு ஹெப்சி,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், கர்த்தர் உன்னையும் அங்கே சுகமாக வைத்திருக்க வேண்டும். சளி விட்டதா? ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலில் பத்து நிமிஷம் போன் தருகிறார்கள், ஒன்பது நிமிஷம் நான் பேசுகிறேன், நீ ம் போடுகிறாய், அதில் இதைச் சொல்ல வரவில்லை, அதனால்தான் கடிதம். இங்கே ஏரிக்கரை ரோட்டை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அம்மா ஸ்கூலிலிருந்து வந்து எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள், உன்னை நாமக்கல்லில் விட்டுவந்த நாளிலிருந்து என்னோடு பேச்சு அளந்துதான். பால்கனியில் உன் பியூரெட் ஸ்டாண்டில் இப்போது துணி க்ளிப் தொங்குகிறது. போன வாரம் பெருங்களத்தூரில் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது ஒரு கடையில் பச்சை சீரியல் லைட் எரிந்தது, சுடரின் நிறத்தைக் காட்டி உன்னைக் கேட்பதுபோல என்ன உலோகம் சொல்லு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன், பக்கத்தில் போனவர் ஒரு மாதிரி பார்த்தார். காப்பர் என்று நானே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு ஓடி வர இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. எங்கள் லெதர் லேபில் வைத்தீஸ்வரன் சார் இருக்கிறார் இல்லையா, அவர் தங்கை மகள் அடுத்த வருஷம் நீ எழுதின அந்த வேதியியல் போட்டி எழுதப் போகிறாளாம், பாடத்திட்டம் இருந்தால் கொடு என்றார். நம் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டி நான் ஒவ்வொரு வரியாய் டிக் அடித்த அந்தப் பேப்பரையே உரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பெருமையாகத்தான். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "எபி, மேலே வருஷத்தைப் பாத்தியா? இதுவே கெமிக்கல் பாட்டிலா இருந்தா என்னைத் திட்டிட்டு சிங்க்கில ஊத்தியிருப்ப" என்றார். 2023. மறைந்தெல்லாம் இல்லை, தலைப்பிலேயே இருந்தது. தேதி போடாத கரைசலை வைத்து ஒருத்தன் தோலைப் பரிசோதித்தால் அவனை லேபை விட்டே வெளியே அனுப்புகிறவன் நான். ஜனவரியில் அதை நெட்டிலிருந்து இறக்கினேன், மார்ச்சில் புதுசு போட்டிருக்கிறார்கள், நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. புதுசில் அந்தச் சுடர் பார்க்கும் சால்ட் அனாலிசிஸ் கிடையாது, மின்வேதியியல் முழுசாக இருக்கிறது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஸ்பிரிட் விளக்கு வாங்கி வந்து ஏப்ரல் மே இரண்டு மாசமும் உன்னை உட்கார வைத்தது வராத பாடத்துக்கு. நாலே மார்க்கில் உனக்குத் தேர்வு கைவிட்டுப் போனது, மின்வேதியியலில் மட்டும் எட்டுக் கேள்வி.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் நீ சொன்னாய், மிஸ் வேற லிஸ்ட் குடுத்திருக்காங்கப்பா என்று. நான் என்ன சொன்னேன் என்று வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "உங்க மிஸ் புக்கைப் பாத்துச் சொல்றவங்க, நான் செஞ்சு பாத்துச் சொல்றவன்." ரிசல்ட் வந்த அன்றைக்குத் தாம்பரம் ஸ்டேஷன் படியில் நாலு பேர் பார்க்க, நீ உழைக்கவில்லை என்று கத்தினேன், பதினைந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய் ஹாஸ்டலில் போட்டேன். அப்போதாவது நீ அந்த லிஸ்ட்டைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். நாமக்கல் வரைக்கும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாய். இருபத்திரண்டு வயசில் உனக்கு அப்பா ஆனேன், பொறுமை வருவதற்குள் நீ வந்துவிட்டாய், இது காரணம்தான், சாக்கு இல்லை. தப்பு என்னுடையது, உன்னுடையது ஒரு மார்க் கூட இல்லை. அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். டிவியை நிறுத்திவிட்டு, இதை ஹெப்சிகிட்ட சொன்னீங்களா என்று மட்டும் கேட்டாள்.

உன் பழைய ஸ்கூலுக்குப் போனேன். அந்த லிஸ்ட் கொடுத்த ஸ்ரீவித்யா மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன், அவர் நாற்காலி கூடப் போடவில்லை, நியாயம்தான். உன் இடம் இந்த மாசக் கடைசி வரைக்கும் காலியாக இருக்குமாம். இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை நான் வருகிறேன். வீட்டுக்கு வர வேண்டும் என்றால் பெட்டியோடு கேட்டில் நில். அங்கேயே இருக்கப் பிடித்திருந்தால் வெறுங்கையோடு வா, டிபன் சாப்பிட்டுவிட்டு நான் கிளம்பிவிடுகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். போட்டி மறுபடி எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், ஃப்ரிட்ஜில் நான் எதுவும் ஒட்டவில்லை.

வெந்நீரில் குளி, தலையைத் துவட்டாமல் வகுப்புக்கு ஓடாதே. கர்த்தர் உன் கூடவே இருந்து காப்பார், அம்மாவின் முத்தங்கள். இந்தக் கடிதத்துக்குத் தலைப்பிலேயே தேதி போட்டிருக்கிறேன். எதற்கும் ஒரு தடவை நீயே பார்த்துக்கொள், நான் சொன்னேன் என்று விட்டுவிடாதே.

உன் அப்பா
எபி