ஓய்வுநாளில் தடவாத களிம்பு

5-8-44, சனி

காலையிலிருந்தே அனல் காற்று. கிணற்றில் தண்ணீர் இன்னும் கீழே. சிரங்குக் களிம்பு ஒரு பெரிய பானை. தேன்மெழுகு கிடைப்பது குதிரைக்கொம்பு, யுத்தம். வீட்டுக்காரர் தபால்காரரோடு பேசப் போய்விட்டார். தோலை உரிக்கிற ஆசிட் பொடியை நானே நிறுத்துப் போட்டேன். எல்லாம் என் தலையில்.

ஒவ்வொரு பானைக் களிம்பையும் முதலில் என் முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பேன். ஒரு நாள் பார்த்துத்தான் வெளியே போகும். நாளை ஓய்வுநாள். தடவிப் பார்ப்பதும் வேலைதானாம், இவர் சொல்கிறார். சரி.

6-8, ஞாயிறு

ஆராதனை. நீளமான பிரசங்கம். கையில் எதுவும் தடவவில்லை.

7-8, திங்கள்

சைக்கிளில் டப்பாக்களைக் கட்டிவிட்டார். "இன்னைக்குத் தடவிப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டுபோங்களேன்" என்றேன்.

"கடைக்காரங்க காத்துக்கெடக்காக. நாலு வருசமா இதே மருந்துதான, புதுசா என்ன ஆயிரப்போவுது?"

10-8, வியாழன்

தறிக்காரர் தெரு சுப்பையா வந்தார். மகள் வள்ளிக்கு ஒன்பது வயது. கன்னத்துப் படர்தாமரைக்கு நம் களிம்பு. தோல் வெந்து உரிந்துவிட்டது.

"உங்க வீட்டு மருந்துன்னு நம்பித்தானம்மா போட்டோம்."

அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன். சனிக்கிழமை தபால்காரர் வருமுன்பே பொடியை இவர் போட்டிருக்கிறார். நானும் போட்டேன். இரண்டு பங்கு. ஐயோ, என் கையில் தடவியிருந்தால் மறுநாளே தெரிந்திருக்கும்.

"நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். புள்ளைக்குத் தோலு வாகு அப்படின்னு சொல்லிருவோம். வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூட வேண்டியதுதான்."

சோறு போட்டேன். எந்தக் கடைக்கு எத்தனை டப்பா என்று கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன்.

11-8, வெள்ளி

டப்பாக்களைத் திரும்ப வாங்க நானே கரி பஸ்ஸில் போனேன், யுத்தத்தில் பெட்ரோல் ஏது.
திருச்சுழி – வாங்கியாயிற்று.
நரிக்குடி – பாதி.
ரெட்டியபட்டி – எல்லாம் விற்றுவிட்டது. யார் வாங்கினார்களோ.
தலைவலி.

13-8, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் இவர் எழுந்து நின்றார். சபை முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அழுதார். பாதிரியார் ஜெபித்தார், எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சுப்பையா வேதக்காரர் இல்லையே, இந்தச் சபைக்கு வருகிறவர் இல்லையே.

"சொல்ல வேண்டிய ஆளு இங்க இல்ல" என்றேன் இவரிடம்.

மத்தியான வெயிலில் இருவரும் தறிக்காரர் தெருவுக்கு நடந்தோம். இவர் சொல்லச் சொல்ல சுப்பையா கேட்டுக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. எழுந்துபோய்த் தறியில் உட்கார்ந்துகொண்டார். திட்டியிருக்கலாம்.

வள்ளி என் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னத்தில் ஆழமாய்க் குழிந்திருந்த புண்ணைப் பார்த்தேன். நான்கு வருடமாய் இதே வேலை. எது ஆறும், எது ஆறாது என்று எனக்குத் தெரியும்.

"அத்த, இது போயிருமா?"

"போயிரும்த்தா" என்றேன்.