எவர்சில்வர் டப்பாவில் கொலாஜன்

அம்மாவுக்கு,

பெரிய செய்தி, மூச்சு விடாமல் படி: தோல் சுருங்காமலிருக்க ஒரு மாதமாக நீ மோரில் கலந்து குடிக்கும் கொலாஜன் பொடி, மீன் தோலில் செய்தது.

போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். முதலில் நீ தனியாகத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சித்தூரிலிருந்து கடிதம்.

எனக்குக் கொதிக்கிறது. நான் ஒரு வீடியோ விடாமல் பார்க்கும், இந்தப் பொடியை வாங்கச் சொன்ன அந்த அக்கா, "சுத்தமான பொடி" என்று நூறு தடவை சொன்னாளே, மீன் என்று ஒரு தடவை சொன்னாளா? கமெண்டில் கேட்டேன். என்னை பிளாக் செய்துவிட்டாள். பிறகு நானே தேடிப் படித்தேன்: செடிகொடியில் கொலாஜனே கிடையாதாம். பருப்பும் நெல்லிக்காயும் சாப்பிட்டால் நம் உடம்பே அதைச் செய்துகொள்ளுமாம். வெயிலுக்குக் குடை பிடித்தாலே தோலுக்குப் பாதிக் காவலாம்.

பாக்கெட்டில் அசைவக் குறி இருந்திருக்கிறது. "கடைப் பாக்கெட்டோட தளிகையுள்ளுக்கு வராதேடி" என்று நீ சமையலறையிலிருந்து சொன்னாய். குறியைப் பார்க்காமல் திருப்பதி வீட்டு வாசலிலேயே பிரித்து டப்பாவில் கொட்டியது நான்.

என் கல்யாண போட்டோவுக்காகக் குடி என்று நச்சரித்ததும் நான்தான். "பெருமாளுக்குத் தளிகை பண்ற கைடி, அவருக்குத் தெரியாத சுருக்கமா?" என்று சிரித்துக்கொண்டே குடித்தாய்.

பக்கத்து வீட்டுப் பெருந்தேவி மாமிக்கும் பாதிப் பொடி கொடுத்தாயே. நீ படித்ததும் இந்தக் கடிதத்தை மாமியிடம் காட்டு, தெரு முழுக்கச் சொல்லட்டும். எனக்குப் பெருமாளுக்குத் தளிகை பண்ணும் அந்தக் கையாலேயே பதில் போடு, திட்டியாவது.

உன் பெண்